குசினிக் குப்பை, முத்தத்துக் கஞ்சல், மணக்கிற பீப்பா: எங்க இருந்து தொடங்கிறது?

புதுக்குடித்தனம்

வணக்கம். யாழ்ப்பாணத்தில கொக்குவில் பக்கம், 2 பரப்பு (ஏக்கரில எட்டில ஒரு பங்கு) வளவு, வீட்டில 5 பேர். ஒரு கிணறு, 3 தென்னை, ஒரு மாமரம், வேலியில பூவரசு. குடிக்கிறது கிணத்துத் தண்ணிதான்.

இப்ப மரக்கறித் தோல், சொப்பிங் பை, பால்மாப் பைக்கற், மீன் கழிவு எல்லாம் ஒரே வாளிக்குள்ள போகுது. கிழமைக்கு ஒருக்கா குப்பை எடுக்க வருகினம். கலந்து கிடந்தால் விட்டிட்டுப் போகினம். முத்தத்துக் கஞ்சலை, அதுதான் உதிர்ந்த சருகு குப்பையை, காலமை கூட்டிக் கொளுத்திறது வழக்கம். கூட்டெரு போட எண்டு ஒரு நீலப் பீப்பா எடுத்து, அடியில நாலு ஓட்டை போட்டு, 3 கிழமையா மரக்கறிக் கழிவு கொட்டி வருது. அடியில கறுத்த சேறு, கூழ்முட்டை மணம், வெள்ளைப் புழு.

கேள்வி மூண்டு. எதில தொடங்கினால் குப்பை கெதியாக் குறையும்? அந்தப் பீப்பாவைத் திருத்தலாமோ, கொட்டிப்போட்டுப் புதுசாத் தொடங்கிறதோ? கஞ்சலைக் கொளுத்தாமல் வேற என்ன செய்யலாம்?

செம்பாட்டான்

உங்கட மூண்டாம் கேள்விக்குள்ளதான் இரண்டாம் கேள்விக்கு மறுமொழி கிடக்குது தங்கச்சி. கொளுத்திற கஞ்சல்தான் அந்தப் பீப்பாவுக்கு இல்லாமல் போன சாமான்.

முதல் வாளியைப் பிரியுங்கோ. ஈரமானது தனிய, காய்ஞ்சது தனிய. தொடக்கத்தில இரண்டு வாளி காணும். அஞ்சு நிறத்தில தொட்டி வாங்கி அடுக்கிற வேலை இப்ப வேண்டாம், பிள்ளையள் குழம்பிப் போவினம். ஈரம் போனால் மிச்சக் குப்பை மணக்காது, காகம் கிழிக்காது, ஒரு கிழமை கிடந்தாலும் பிரச்சினை இல்லை.

ஈர வாளி மூடியோட 10 லீற்றர் அளவில இருக்கட்டும். அடியில ஒரு பிடி சருகு போட்டுத் தொடங்குங்கோ, தண்ணியை அது குடிக்கும். மரக்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, நொருக்கின முட்டைக்கோது, வெங்காயச் சருகு எல்லாம் போகலாம். எண்ணெய் மிதக்கிற குழம்பு, எலும்பு, கனக்கச் சோறு போகக்கூடாது. தேங்காய்ப்பூச் சக்கையில ஒரு கவனம் வேணும்: ஒரே இடத்தில கொட்டினால் கட்டியாகிப் புளிக்கும். உதிர்த்துத் தூவுங்கோ, இல்லாட்டி அயலில கோழி வளர்க்கிற ஆக்களுக்குக் குடுங்கோ, அதுதான் நல்லது.

இனிப் பீப்பா. கொட்டி எறியாதேங்கோ, உள்ளுக்குள்ள இருக்கிறது பழுதில்லை. பிழை மூண்டு நடந்திருக்கு. காத்துப் போக பக்கத்தில ஓட்டை இல்லை. காய்ஞ்ச சாமான் சேரேல்லை. கிளறேல்லை. காத்து இல்லாத இடத்தில அழுகினால்தான் கூழ்முட்டை மணம் வரும். உக்கிற குப்பையில செம்பாட்டு மண் முதல் மழைக்கு மணக்கிற மாதிரி ஒரு மணம்தான் வரவேணும்.

திருத்திற விதம்:

ஒரு படங்கை (தார்ப்பாய்) விரிச்சு முழுக்கக் கொட்டுங்கோ. பீப்பாவுக்கு முன்னம் என்ன வந்தது எண்டு கேட்டுப் பாருங்கோ. பூச்சிமருந்து, அசிட் வந்ததெண்டால் இந்த வேலைக்கு வேண்டாம். சுத்திவர அரை அங்குலத் துளை போடுங்கோ, 6 அங்குலத்துக்கு ஒண்டு, கீழ இருந்து மேல வரை. ட்றில்லால போடுங்கோ, கம்பியைக் காய்ச்சிக் குத்தினால் பிளாஸ்ரிக் புகைதான் மூக்குக்குள்ள போகும். அடியை முழுசா வெட்டி எடுத்து, அந்த இடத்தில அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையைக் கட்டுங்கோ. வலை இல்லாட்டி அகழான் எலி கீழால கிளறி உள்ள வந்திடும். நாலு சீமெந்துக் கல்லில தூக்கி வையுங்கோ.

உள்ள முதல் 6 அங்குலத்துக்குப் பொச்சுமட்டை (தேங்காய் மட்டை) துண்டு, மெல்லிய தடி. இது உக்கிறதுக்கில்லை, காத்துக்கு. பிறகு கொட்டி வைச்ச சேறு ஒரு வாளிக்கு மூண்டு வாளி சருகு எண்டு கலந்து திரும்பப் போடுங்கோ. மாவிலை தடிப்பு, மெழுகுப் பிடிப்பு. அப்பிடியே போட்டால் ஒண்டோட ஒண்டு ஒட்டித் தகடு மாதிரிக் கிடக்கும். சாக்குக்குள்ள போட்டு மிதிச்சு நொருக்கிப் போடுங்கோ. பூவரசு கெதியா உக்கும். தென்னோலை, பனையோலை பீப்பாவுக்குச் சரிவராது.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு பங்கு ஈரம், மூண்டு பங்கு சருகு, எப்பவும் மேல சருகுதான் தெரியவேணும். ஞாயிற்றுக்கிழமைகளில அலவாங்கால (கடப்பாரை) அடிமட்டும் குத்திக் கிளறி விடுங்கோ.

ஈரம் பார்க்கிறது கையாலதான். நடுவில இருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கோ. விரலிடுக்கில ஒண்டு இரண்டு துளி வந்து நிண்டால் சரி. ஒழுகினால் சருகு போடுங்கோ. கையைத் திறக்க உதிர்ந்து கொட்டினால் தண்ணி தெளியுங்கோ. எறும்பு கூடு கட்டியிருந்தாலும் அது காய்ஞ்சு போச்சு எண்டுதான் அர்த்தம். வைகாசி தொடக்கம் சோளகம் (தென்மேல் காத்து) அடிக்கிற மாதங்களில இங்க எல்லாருக்கும் நடக்கிறது உதுதான். மணக்காது, ஆனால் உக்கவும் மாட்டுது, நாலு மாதம் கழிச்சும் சருகு சருகாவே கிடக்கும்.

புழுவுக்குப் பயப்பிடாதேங்கோ. தட்டையா, வளையம் வளையமா, மங்கல் நிறத்தில ஒரு அங்குலம் மட்டும் வளருறது படைவீரன் ஈ எண்டு சொல்லுற கறுத்த ஈயின்ர புழு. அது குப்பையைத் தின்னும், சாப்பாட்டில வந்து குந்தாது. அரிசிமணி மாதிரி வெள்ளையா மேலால நெளியிறது இலையான் (வீட்டு ஈ) புழு. அது வந்தால் ஈரக் கழிவு மூடாமல் கிடந்திருக்கு. 2 அங்குலத்துக்குச் சருகு மூடினால் நிண்டிடும்.

வடலி

இவ்வளவு மினக்கெடுவானேன்? தென்னைக்குப் பக்கத்தில 4 அடி ஆழத்துக்கு ஒரு கிடங்கு வெட்டி எல்லாத்தையும் கொட்டி, நிரம்ப மண் போட்டு மூடிவிட்டால் முடிஞ்சுது அலுவல். தென்னையும் காய்க்கும். எங்கட பழைய ஆக்கள் செய்ததும் உதுதானே.

கிணத்தடி

வடலி, பழைய ஆட்களின் கிடங்குக்குள் போனது சாம்பல், சாணி, குழை, மரக்கறித் தோல். சொப்பிங் பையும், பற்றரியும், பம்பஸும் போகவில்லை. வளவும் 2 பரப்பு இல்லை. இரண்டையும் ஒப்பிட முடியாது.

இன்னொரு காரணம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிக்கிறதும், குளிக்கிறதும், தோட்டத்துக்கு இறைக்கிறதும் பெரும்பாலும் சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைத் தண்ணீர். அந்தக் கல் மணல் மாதிரித் தண்ணீரை மெதுவாக வடிகட்டி அனுப்புவதில்லை. வெடிப்புகளும் குகைகளுமாக இருக்கிறது. சுண்ணக்கல் குழிந்து உண்டான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுன்னாகத்தில் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்தபோது எத்தனை வீட்டுக் கிணறுகள் பழுதாகின என்பதும் எல்லோருக்கும் தெரியும். 4 அடிக் கிடங்கு வெட்டினால் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் பல இடங்களில் செம்மண் முடிந்து கல்லே தெரியும். அந்தக் கல்லின் மேல் அழுகிற குப்பையைப் போட்டு, ஐப்பசி மழை அதன் வழியாக இறங்க விட்டால், கழுவிய தண்ணீர் போகிற இடம் உங்கள் கிணறு, இல்லாவிட்டால் அயலவர் கிணறு.

அழுகும் ஈரக் கழிவிலிருந்து நைத்திரேற்று வரும். தோட்டத்து யூரியாவாலும் மலசலகூடக் குழிகளாலும் இங்கே நிலத்தடி நீருக்கு ஏற்கெனவே அந்தச் சுமை உண்டு. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரைதான் உலக சுகாதார நிறுவனம் ஏற்கிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அதிகமானால் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாயும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிப் போக, மிச்சத்தில் செறிவு கூடத்தான் செய்யும்.

ஆகவே உக்க வைப்பதை நிலத்துக்கு மேலே, மூடியோடு செய்யுங்கள். பீப்பாவைக் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் வையுங்கள். 2 பரப்பில் அந்தத் தூரம் கிடைக்காவிட்டால், கிணற்றுக்கு எதிர் மூலையில், மழைத்தண்ணீர் ஓடிவந்து தேங்காத மேட்டில். அயலவரின் கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்றும் எட்டிப் பாருங்கள். இதை மறந்துவிட்டு வேலியோரமாகத் தள்ளி வைப்பவர்கள்தான் அதிகம்.

கொளுத்துவது பற்றி. பிளாஸ்ரிக் உட்படக் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 செப்டெம்பர் 1 முதல் இலங்கையில் தடை. சட்டத்தை விட்டாலும், காலையில் கூட்டும் கஞ்சலுக்குள் எப்படியும் இரண்டு ரொபிப் பேப்பரும் ஒரு சொப்பிங் பைத் துண்டும் கிடக்கும். ஈரச் சருகோடு அது எரிவதில்லை, புகைகிறது. மூச்சு முட்டுபவர்கள் வீட்டில் இருந்தால் அந்தப் புகை முதலில் போய்ச் சேருவது அவர்களிடம்.

கஞ்சலை வெறும் உரப்பைகளில் அமத்திக் கட்டி வையுங்கள். மா பழுத்து உதிர்க்கும் காலத்தில் 6, 7 பை சேரும். பீப்பாவுக்குச் சருகு இல்லாத மாரி காலத்துக்கு அதுதான் கையிருப்பு. பை நனையாமல் கொட்டிலுக்குள் இருக்கட்டும். மிஞ்சியதைத் தென்னையைச் சுற்றி 4 அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள், அடிமரத்தில் முட்டாமல் ஒரு அடி விட்டு. கூட்டும்போது மண்ணையும் சேர்த்து அள்ளாமல், ஈர்க்குத் தும்புத்தடியால் மேலாகக் கூட்டினால் போதும். மண் ஏறிய கஞ்சல் பீப்பாவில் இறுகிப் போகும்.

பூத்த பார்த்தீனியக் களை மட்டும் எதிலும் வேண்டாம். 200 லீற்றர் பீப்பா அதன் விதை சாகுமளவுக்குச் சூடேறுவது அரிது. அந்தக் கூட்டெருவைத் தோட்டம் முழுக்கத் தூவி, நீங்களே விதைத்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

தும்புத்தடி

ஈரத்தைப் பற்றி அண்ணைமார் சொல்லிட்டினம். காய்ஞ்ச வாளிக்கு வாறன்.

காய்ஞ்சதுக்கு ஒரே ஒரு சட்டம்: கழுவி, காய வைச்சு, பிறகு போடுறது. கழுவ நல்ல தண்ணி வேண்டாம், கோப்பை கழுவின இரண்டாம் தண்ணி காணும். தயிர் கிடந்த கப் ஒண்டு கழுவாமல் போனால் அந்தப் பை முழுக்க எறும்பும் கரப்பொத்தானும்.

நிரம்ப நிரம்ப மூண்டு உரப்பைக்குப் பிரியுங்கோ. பிளாஸ்ரிக் போத்தல், கான் ஒண்டு. பேப்பர், மட்டை ஒண்டு. ரின், இரும்பு, கண்ணாடிப் போத்தல் ஒண்டு. சந்தியில பழைய சாமான் எடுக்கிற ஆக்கள் வருவினம்தானே, முதலே கேட்டு வையுங்கோ எது எடுப்பினம் எண்டு. போத்தலுக்கு அடியில முக்கோணத்துக்குள்ள 1 எண்டு இருந்தால் சோடா, தண்ணிப் போத்தல் சாதி, 2 எண்டால் சம்பூ, கான் சாதி. இந்த இரண்டுக்கும் பொதுவா ஆள் இருக்கும். யோகட் கப்பில 6 எண்டு கிடந்தால் அனேகமா எடுக்கமாட்டினம். அடியில ஒரு துளை போட்டுக் கத்தரி, மிளகாய் நாத்துக்கு வையுங்கோ. பால்மாப் பைக்கற் உள்ளுக்கு வெள்ளி மினுங்கினால் பல படை ஒட்டினது, ஒருத்தரும் பிரிக்கமாட்டினம். அது மிச்சக் குப்பைக்குள்ளதான். பேப்பரில ஈரம் பட்டால் விலை போகாது, ஆனபடியால் அது மட்டும் வீட்டுக்குள்ள.

உடைஞ்ச கண்ணாடியை அப்பிடியே பைக்குள்ள போடாதேங்கோ. பழைய ரின்னுக்குள்ள போட்டு மூடி, மேல "கண்ணாடி" எண்டு எழுதுங்கோ. பை தூக்கிறவையின்ர கை, கால் உங்களை நம்பித்தான் இருக்கு. ஊசி, பிளேட்டும் அப்பிடித்தான். பற்றரி, பழைய குழல் பல்ப் எரிக்கவும் வேண்டாம் புதைக்கவும் வேண்டாம், ஒரு சாடிக்குள்ள சேர்த்து வையுங்கோ, இலத்திரனியல் கழிவு சேர்க்கிற நாள் அறிவிச்சால் குடுக்கலாம்.

எண்டாலும் தரம் பிரிக்கிறது இரண்டாம் அலுவல். முதல் அலுவல் வீட்டுக்குள்ள வாறதைக் குறைக்கிறது, அது சந்தையிலதான் இருக்கு. 2025 நவம்பர் 1 இல இருந்து கடையில சொப்பிங் பை சும்மா தரேலாது, காசு எடுத்து பில்லில காட்டவேணும். அந்தக் காசுக்காவது ஒரு பனையோலைக் கடகமும் இரண்டு துணிப்பையும் சைக்கிள் கரியரில நிரந்தரமா இருக்கட்டும். வீட்டில மறந்து வைச்சுப் போறதுதான் இதில தோக்கிற இடம். மீனுக்கு மூடி உள்ள ஒரு பெட்டி தனிய, அதை வேற ஒண்டுக்கும் எடுக்காதேங்கோ. பருப்பு, சீனிக்கு உங்கட போத்தலைக் குடுக்கிறதெண்டால் வெறும் போத்தலை முதல் நிறுக்கச் சொல்லி மூடியில எழுதி வையுங்கோ. ஒவ்வொரு முறையும் கடைக்காரரோட இழுபடத் தேவையில்லை.

தூள் திரிக்க மில்லுக்குப் போகேக்க ரின் கொண்டு போங்கோ. பொலித்தீன் பையில சுடச்சுட அள்ளிக் கட்டி வாறது தூளுக்கும் கூடாது. ஆனால் ரின்னையும் உடன மூடாதேங்கோ. சுட்ட தூளை மூடினால் உள்ளுக்கு வேர்த்துக் கட்டி பிடிக்கும், பிறகு பூஞ்சணம், பிறகு அரைக் கிலோ தூள் குப்பைக்கு. பேப்பரில பரப்பி நல்லா ஆறவிட்டு அடையுங்கோ.

இனி நுளம்பு. குப்பை சேர்க்கிறன் எண்டு வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள்ள சிரட்டையும் கப்பும் ரின்னும் குவிச்சு வைச்சால் மாரிக்கு டெங்குதான் சேரும். முட்டை பொரிச்சு நுளம்பாப் பறக்க 7 தொடக்கம் 10 நாள் காணும். தண்ணியை ஊத்தினால் மட்டும் போதாது. முட்டை ஏனத்தின்ர சுவரில ஒட்டிக்கொண்டு மாதக்கணக்காக் காய்ஞ்சு கிடந்திட்டு அடுத்த மழைக்குப் பொரிக்கும். தும்பால தேய்ச்சுக் கழுவவேணும். சேர்க்கிற பை கூரைக்குக் கீழ, சிரட்டை கவிழ்த்து.

புதுக்குடித்தனம்

எல்லாருக்கும் நன்றி. பீப்பாவைத் திருத்திறன். இன்னும் மூண்டு விசயம். மீன் கழிவு கிழமையில மூண்டு நாள் வரும், அதை என்ன செய்யிறது? மாரிக்குப் பீப்பாவுக்குள்ள தண்ணி போகாமல் என்ன செய்யலாம்? உக்கி முடிஞ்சுது எண்டு எப்பிடித் தெரியும்? சிரட்டை, பொச்சுமட்டை, அடுப்புச் சாம்பலும் கிடக்குது.

செம்பாட்டான்

மீனை முதல் கிழமையே பீப்பாவுக்குள்ள போடாதேங்கோ. இரண்டு மாதம் கழிச்சு, சருகும் ஈரமும் பழகி, மணம் இல்லாமல் ஓடத் தொடங்கின பிறகு போடலாம். நடுவில முழங்கை ஆழத்துக்குக் குழி விட்டு, கீழ 4 அங்குலம் சருகு, அதுக்கு மேல செதிளும் குடலும், மேல 6 அங்குலம் உக்கின பழைய எரு. பழைய எருதான் முக்கியம், மணத்தைப் பிடிக்கிறது அதுதான். கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல வேண்டாம், கரையில தெரியக்கூடாது, அந்தக் கிழமை கிளறவும் கூடாது. மறந்துபோய் ஞாயிற்றுக்கிழமை அலவாங்கு போட்டால் அயல் முழுக்கத் தெரியும் நீங்கள் என்ன கறி வைச்சனீங்கள் எண்டு.

மிச்சத்துக்கு மீன் அமிலம் போடலாம், பயிருக்கு விசிறுற ஒரு திரவ உரம். மீன் கழிவும் சீனியும் நிறையில சமன். பனங்கட்டியில செய்யலாம், ஆனால் விற்கிற விலைக்கு அது பாவம். சிவப்புச் சீனி காணும். கழிவைச் சின்னனா வெட்டி, படை படையாப் போட்டு, பாத்திரத்தில மூண்டில் ஒரு பங்கு வெறுமையா விட்டு, மூடியை இறுக்காமல் நிழலில வையுங்கோ. இறுக்கினால் காத்துக் கூடி மூடி பறக்கும். 3, 4 கிழமையில தேன் நிறத்தில இளகும். வடிச்சு, லீற்றர் தண்ணிக்கு 5 மில்லிலீற்றர் எண்டு கலந்து பின்னேரத்தில விசிறுங்கோ. கூட விட்டால் இலை கருகும். அழுகின மணம் வந்தால் சீனி காணேல்லை எண்டு அர்த்தம், இன்னும் போட்டுக் கிளறுங்கோ.

மாரிக்குப் பீப்பா கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழ நிக்கக்கூடாது. மேல மூடி, மூடிக்கு மேல ஒரு தகரமும் கல்லும். பக்கத் துளையால சாரல் போகும். வாடைக் காத்துப் பக்கம் ஒரு உரப்பையைத் தொங்க விட்டால் காணும், முழுக்கச் சுத்தாதேங்கோ, காத்து அடைபடும். மழை நாளில ஈரம் ஒரு பங்குக்குச் சருகு நாலு பங்கு. பீப்பாவுக்குக் கீழ கறுத்த தண்ணி கசிஞ்சால் அதைக் கத்தரிக்கு ஊத்தப் போகாதேங்கோ, அது உக்கின சாறு இல்லை, அழுகின தண்ணி. ஒரு தட்டில பிடிச்சுச் சருகுப் பைக்குள்ள ஊத்தி, அதையே அடுத்த நாள் பீப்பாவுக்குப் போடுங்கோ.

ஒரு பீப்பா நிரம்ப இரண்டு மாதம் போகும், ஏனெண்டால் போடப் போட இறங்கும். நிரம்பினதும் அதை விட்டிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கோ. முதலாவது இன்னும் இரண்டு மாதம் கிடக்கட்டும். ஒரே பீப்பாவில மேலால போட்டுக் கீழால எடுக்கிறன் எண்டு நிண்டால் எப்பவும் பாதி உக்கினதுதான் கைக்கு வரும். முடிஞ்சதோ எண்டு பார்க்க, ஒரு கோப்பை எருவுக்குள்ள 10 கீரை விதை போட்டுத் தண்ணி தெளியுங்கோ. ஒரு கிழமைக்குள்ள 8 முளைச்சால் பாத்திக்குப் போடலாம். இரண்டு மூண்டுதான் முளைச்சுதெண்டால் உள்ளுக்கு இன்னும் சூடும் புளிப்பும் கிடக்குது, விடுங்கோ. அரிச்ச பிறகு மிஞ்சிற கட்டியும் தடியும் அடுத்த பீப்பாவின்ர அடிக்குப் போகட்டும்.

வடலி

கிடங்கு விசயத்தில கிணத்தடி சொன்னது சரி, கல்லுத் தரைக்கு அது பிழைதான். மணல் தரையிலயும் கிணறு கிட்ட இருந்தால் அதே கதைதான்.

பொச்சுமட்டைக்கும் பனைக்கும் நான் சொல்லுறன். பொச்சுமட்டையைத் தென்னையின்ர பாத்தியைச் சுத்தி அடுக்கிவிடுங்கோ, இரண்டு வரிசை. வெயிலுக்கு ஈரம் பிடிச்சு வைக்கும். சிரட்டை கரி போடுற ஆக்களுக்குப் போகும், இல்லாட்டி அடுப்புக்கு. ஆவணி, புரட்டாதியில பனம்பழம் பொறுக்கினால் கொட்டையை எறியாதேங்கோ. நிலத்துக்கு மேல மண் கூட்டிப் பாத்தி போட்டு நெருக்கி அடுக்கி மண் மூடினால் தைக்குப் பிறகு கிழங்கு. கிழங்கு எடுத்த ஊமலை (வெறும் கொட்டைக் கோது) காய வைச்சால் சிரட்டையை விட நிண்டு எரியும். இந்த ஒரு சாமானில எறியிறதுக்கு ஒண்டும் இல்லை. சாம்பலைக் கொண்டுபோய்ப் பீப்பாவுக்குள்ள தட்டிவிடுங்கோ, மணத்துக்கும் நல்லது.

கிணத்தடி

பனங்கொட்டைப் பாத்தி நல்ல யோசனை. இரண்டு திருத்தம்.

பொச்சுமட்டையை நிலத்துக்கு மேல் அடுக்குவதென்றால் குழிந்த பக்கம் கீழே பார்க்க, முதுகு மேலே. புதைக்கும்போது தண்ணீர் பிடிக்கக் குழிவை மேலே வைப்பார்கள்; அந்தப் பழக்கத்தில் மேலேயும் அப்படியே அடுக்கினால் ஒவ்வொரு மட்டையும் ஒரு நுளம்புத் தொட்டி.

சாம்பல் இந்த மண்ணுக்குத் தாராளமாகப் போடும் பொருள் அல்ல. மலைநாட்டுப் புளிப்பு மண்ணுக்கு அது மருந்து. சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் எங்கள் மண்ணில் காரம் ஏற்கெனவே போதும். பீப்பாவில் கூடப் போட்டால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும், மூக்கைக் குத்தும் மணம் வந்தால் அதுதான். கிழமைக்கு ஒரு கைப்பிடி தூவலாம். மிச்சத்தைப் பாத்திரம் தேய்க்க வையுங்கள், விறகுச் சாம்பலாக இருந்தால் மட்டும். சொப்பிங் பையால் மூட்டிய அடுப்பின் சாம்பல் இரண்டுக்கும் ஆகாது.

தும்புத்தடி

ஒண்டு விட்டுப்போச்சு. அந்தியேட்டி (செத்தவைக்குச் செய்யிற 31ஆம் நாள் கிரியை), பிறந்தநாள் எண்டு வீட்டில 50 பேருக்குச் சாப்பாடு வந்தால் ஒரு மாதக் குப்பை ஒரு மத்தியானத்தில வந்திடும். பிளாஸ்ரிக் கோப்பையும் (சாப்பாட்டுத் தட்டு) கப்பும் கரண்டியும் 2023 ஒக்ரோபர் 1 இல இருந்து தடை, எண்டாலும் "பேப்பர் கோப்பை" எண்டு வாறதைச் சுரண்டிப் பாருங்கோ, மெல்லிய பிளாஸ்ரிக் படை கழண்டு வரும். அது பீப்பாவில உக்காது. வாழையிலையே எடுங்கோ. சாப்பிட்டு முடிய இலையை மடிக்க முதல் மிச்சச் சோறு, கறியை ஒரு வாளிக்குத் தட்டச் சொல்லி ஒருத்தரை நிப்பாட்டுங்கோ. சோறு மாடு, கோழிக்கு. வெறும் இலையைக் கத்தியால நாலு துண்டா வெட்டிச் சருகோட கலந்து போடுங்கோ. முழு இலையா அடுக்கினால் மாவிலைக்குச் சொன்ன கதைதான்.

புதுக்குடித்தனம்

சரி அக்கா. கம்பி வலை வாங்கியாச்சு, அரை அங்குலக் கண். நாளைக்குப் படங்கு விரிக்கிறன். கிணத்தில இருந்து அளந்து பார்த்தன், எதிர் மூலைக்கு 58 அடி வருது, ஆனால் பக்கத்து வீட்டுக் கிணறு அந்த மூலையில இருந்து 20 அடிதான். மற்ற மூலைக்கு எங்கட கிணத்தில இருந்து 44 அடி, அயல் கிணறு ஒண்டும் கிட்ட இல்லை. எது?

கிணத்தடி

44 அடி மூலை. அடியில் கசிவு பிடிக்கத் தட்டு கட்டாயம் வையுங்கள், மாரியில் இரண்டு நாளுக்கு ஒருக்கால் பாருங்கள்.